குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதா? மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

காலை ஏழு மணி. ஒருவர் குளிக்க வேண்டும், ஒருவர் சமைக்க வேண்டும், குழாயிலோ தண்ணீர் சொட்டுகிறது. 'பிரஷர் பம்ப் வாங்கிடலாம்' என்ற பேச்சு பல வீடுகளில் அப்போதுதான் தொடங்கும். மதுராந்தகம் அருகே உள்ள கருங்குழி போன்ற பேரூராட்சிகளிலும் இது பழகிய தொல்லைதான். ஆனால், காரணத்தைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஒரு பக்கெட்டும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து அதே பக்கெட்டை நிரப்புங்கள். எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழாயில் மட்டும் மெதுவாக வந்தால்: குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வாஷ்பேசின் என்றால், கீழே உள்ள ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெந்நீர் மட்டும் மெதுவாக வந்தால், கோளாறு கீசர் லைனில் இருக்கிறது.

எல்லாக் குழாயிலும் மெதுவாக வந்தால்: மொட்டைமாடிக்குப் போங்கள். டேங்கிலிருந்து இறங்கும் பைப்பின் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா? டேங்கின் அடியில் சேறு படிந்திருக்கிறதா? டேங்க் கழுவிய பிறகு தண்ணீர் விட்டு விட்டு வந்தால், பைப்பில் காற்று அடைத்திருக்கலாம்.

மேல்தளத்தில் மட்டும் மெதுவாக வந்தால்: இது பெரும்பாலும் பழுதே அல்ல. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சுமார் ஒரு 'பார்' அழுத்தம் தரும். டேங்க் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், கிடைப்பது 0.2 பார் மட்டுமே. டேங்க்கை மேடை கட்டி உயர்த்துவதுதான் நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால், டேங்கிலிருந்து வரும் லைனில் பிரஷர் பம்ப் வைக்கலாம்.

தெருக்குழாய் இணைப்பில் மெதுவாக வந்தால்: தண்ணீர் விடும் நேரத்தில் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். அங்கே நன்றாக வந்தால், அடைப்பு உங்கள் இணைப்பில். அங்கேயும் இல்லையென்றால், பேரூராட்சி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தெருக்குழாய் அழுத்தம் மாடிவரை ஏறும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. 1999-ல் வந்த மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு, ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தள வீட்டுக்கு 12 மீட்டர் அழுத்தம் என்றுதான் கணக்கிட்டது.

இதை மட்டும் செய்யாதீர்கள்: தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல். மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மோட்டார் இழுக்கும்போது, பூமிக்கடியில் விரிசல் விட்ட பைப் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பறித்தது போதாதென்று, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கையும் அது கொண்டுவரலாம்.

சம்ப் கட்டி அதில் தண்ணீர் தானாக நிரம்ப விடுங்கள். அங்கிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுங்கள். தெருவுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது!