சாரணர் படையும் சரீர அறிவும்

மேல்மலையனூரில் அமாவாசை இரவுதோறும் கூடும் ஜனத்திரளை நாம் கண்டுவருகிறோம். அங்காளம்மன் என்னும் ஒரு பெண்ணுருவின் ஊஞ்சல் உற்சவத்திற்கு ஓடிவரும் தகப்பன், வீட்டில் மகளுக்கு மாதவிலக்கென்றால் "தீட்டு" என்று ஒதுக்கி வைத்துவிட்டு வருகிறான். அவள் ருதுவானபோது பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் அறிவித்தவனும் இவனே! ஊருக்குச் சொன்ன சங்கதி இன்னதென்று அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் யாராவது சொன்னார்களா?

ஆண் பிள்ளையின் கதி இதைவிட மோசம். தூக்கத்தில் இந்திரியம் வெளிப்படுவது அந்த வயதில் இயற்கை; அதனால் பலம் குறைவதில்லை. இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாததால், "நரம்புத் தளர்ச்சி" என்று விளம்பரம் செய்துவிட்டு லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் போலி வைத்தியனிடம் கூலிக்காசைக் கொட்டுகிறான்.

இந்த அறிவைப் புகட்டச் சாரணர், சாரணியர் படைகளே தக்க இடம் என்பது நமது அபிப்பிராயம். ஆறேழு பேர் கொண்ட சிறு அணி. அவர்களில் ஒருவரே தலைவர். ஒருவர் கற்றதை மற்றவருக்குக் காட்டுவதே முறை. வாத்தியாரிடம் கேட்கக் கூசுகிற கேள்வியைத் தோழனிடம் கேட்கலாமல்லவா? "தயாராயிரு" என்பது அவர்களுடைய கொள்கை. எலும்பு முறிந்தால் கட்டுப்போடக் கற்பிக்கிறார்கள். எலும்பு முறிவு சிலருக்குத்தான் வரும்; பருவமோ எல்லோருக்கும் வருமே!

ஆனால் பயமுறுத்துவது போதனையாகாது. சாரணீயத்தை ஸ்தாபித்த பேடன் பவலே 1908-இல் எழுதிய நூலில், கைப்பழக்கம் உடம்பையும் புத்தியையும் கெடுக்குமென்று பிள்ளைகளை எச்சரித்தார். அது தவறென்று வைத்திய சாஸ்திரம் பின்னர் கண்டது. பெரியவர் சொன்னாரென்பதற்காக நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

"சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்கிறார்கள். 2007-இல் இந்தக் கூச்சலுக்குப் பயந்து சில மாகாண சர்க்கார்கள் இப்பாடத்தையே நிறுத்தின. பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018-இல் யுனெஸ்கோ வெளியிட்ட நூலோ, இந்தப் படிப்பால் பிள்ளைகள் முந்திக்கொள்வதில்லை என்கிறது. 2014-இல் மத்திய சர்க்கார் 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்காகத் தொடங்கிய சுகாதாரத் திட்டமும் ஒத்த வயதினரைக் கொண்டே போதிக்கச் சொல்லுகிறது.

ஆகவே செஞ்சித் தாலுகா பெற்றோர்களே, சாரண ஆசிரியர்களே! மாதவிலக்கு தீட்டல்ல, உடம்பின் வேலை. சுத்தத் துணியோ நாப்கினோ வேண்டும். தன் உடம்பைத் தொட எவருக்கும் பாத்தியதை இல்லை. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்ட விரோதம் — இவ்வளவையும் தைரியமாகச் சொல்லுங்கள். ஊருக்குச் சேவை செய்ய அனுப்பும் பிள்ளையைத் தன் உடம்பையே அறியாத மூடனாக வைத்திருப்பது நியாயமா? யோசித்துப் பாருங்கள்!