மாணவன் என்ன, சோப்புக் கட்டியா?

மணலி மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. மாலை ஏழு மணி. பி.எஸ்ஸி. ரசாயனம் கடைசி வருஷம் படிக்கும் வாலிபன் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரர் 'ரெஸ்யூமே' மாதிரிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். நீலப் பட்டை போட்டது ஒன்று. வட்டத்துக்குள் போட்டோ வைத்தது ஒன்று. ஆங்கிலத்துக்கு மூன்று நட்சத்திரம், 'தலைமைப் பண்பு'க்கு ஐந்து நட்சத்திரம் போட்டது இன்னொன்று.

"இதுதான் தம்பி இப்ப ஓடுது. விலாசம் சொல்லு."

பையன் தயங்குகிறான். "மணலின்னு வேணாம்ணா. சென்னைன்னு மட்டும் போடுங்க."

"அப்பாவுக்கு என்ன வேலை?"

"அதை விட்டுடுங்கண்ணா."

அப்பா ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மகனைப் பட்டதாரியாக்கியது அந்தக் கூலிதான். ஆனால் மகனின் காகிதத்தில் அதற்கு இடமில்லை!

தகப்பன் பெயரும் தொழிலும் ரெஸ்யூமேயில் அவசியமில்லைதான். அவற்றை எழுதாமல் விடுவதில் தவறில்லை. ஆனால் வெட்கப்பட்டு விடுகிறானே, அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு?

"உன்னை நீயே ஒரு பிராண்ட் ஆக்கிக்கொள்" என்று கல்லூரிகளில் இன்று வகுப்பு நடக்கிறது. 1997-ம் ஆண்டில் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 'பாஸ்ட் கம்பெனி' பத்திரிகையில் எழுதிய கட்டுரை இந்தப் பேச்சைப் பிரபலமாக்கியது. ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வியாபார முத்திரையாகக் கருதி விளம்பரப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

சோப்புக்கு முத்திரை வேண்டியதுதான். ஒரு கட்டிக்கும் மறு கட்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உறையில்தானே இருக்கிறது! மனிதன் அப்படியா? தொழிலாளி விற்பது எட்டு மணி நேர உழைப்புச் சக்தியை; தன்னையே அல்ல. பிராண்ட் பேச்சோ மிச்சமுள்ள பதினாறு மணி நேரத்தையும் கேட்கிறது. உன் சிரிப்பு, உன் நட்பு, உன் பொழுதுபோக்கு எல்லாம் கடைக்கு வர வேண்டும் என்கிறது.

கேலி பேசுவதற்கல்ல

இதற்காக ரெஸ்யூமே எழுதும் மாணவனைக் கேலி பேச நமக்கு உரிமையில்லை. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலும் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். அது நல்ல காகிதமாக இருக்கட்டும்.

நல்ல காகிதம் எது? பெரிய கம்பெனிகள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மனிதன் அல்ல, மென்பொருள். இரண்டு பத்தி அமைப்பு, கட்டங்கள், படங்கள் இவற்றில் அது பல சமயம் தடுமாறிவிடும். காசு கொடுத்துப் போட்ட நீலப் பட்டையே காலை வாரிவிடக்கூடும்! ஆகவே ஒரே பக்கம், ஒரே பத்தி, தெளிவான எழுத்து, பிழையில்லாத வாக்கியம் போதும். நட்சத்திரம் எதையும் நிரூபிக்காது. செய்த காரியத்தைச் சொல்லுங்கள்.

"நான் என்ன செய்தேன், எழுதுவதற்கு?" என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்கள் யார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது மீனவர் வீடுகளுக்கு உதவிக்கு ஓடியவர்கள் யார்? அவர்களில் ஒருவராக இருந்தால் எழுதுங்கள். மாலையில் கடையில் கணக்குப் பார்த்ததை எழுதுங்கள். தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதை எழுதுங்கள். அதெல்லாம் அனுபவமே.

காகிதம் செய்யாத காரியம்

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. காகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திறக்காத கதவுகள் உண்டு.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளின் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பெயருக்கு வரவில்லை. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. அமேசான் கம்பெனி ஆள் எடுக்கச் செய்த கணிப்பொறி முறை பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது, அதைக் கைவிட நேர்ந்தது என்று 2018-ல் செய்தி வெளியாயிற்று.

இதற்கு எந்த டிசைன் மருந்து? எந்த எழுத்துரு பதில்?

இன்னொரு கேள்வி: வேலை எத்தனை இருக்கிறது? 1965-ல் மெட்ராஸ் ரிபைனரீஸ் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே உர ஆலைக் கம்பெனி வந்தது. ஆலைகளை நம்பி மணலி வளர்ந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டுமென்று 1959-லேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆலையின் புகையைச் சுவாசிப்பவன் மகனுக்கு ஆலைக்குள் நிரந்தர வேலை எத்தனை, கான்ட்ராக்ட் வேலை எத்தனை என்று கேட்பது பிசகா? தமிழக அரசு 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி நல்லதுதான். ஆனால் பத்து நாற்காலிக்கு நூறு பேரைத் தயார் செய்தால், நாற்காலி பதினொன்றாகிவிடுமா?

பிராண்ட் பேச்சின் பெரிய கேடு இதுதான். வேலை கிடைக்காதவன் நாற்காலியை எண்ணிப் பார்ப்பதில்லை, தன்னையே நொந்துகொள்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழன் அவனுக்குப் போட்டிச் சரக்காகிவிடுகிறான்.

தம்பி, ரெஸ்யூமேயை எழுது, நன்றாக எழுது. நண்பனுடையதை நீ படித்துத் திருத்து. உன்னுடையதை அவன் திருத்தட்டும். வேலை கேட்பதிலும் சேர்ந்தே நில்லுங்கள்.

விலாசத்தில் 'மணலி' என்றே போடு. பெட்ரோலும் உரமும் நாட்டுக்குப் போன ஊர் அது. அந்தப் பெயரை எழுத நீ ஏன் கூசவேண்டும்?