மேம்பாலத்திலிருந்து பார்த்த கணையம்

சென்ற இதழில் வெளியான 'குடித்துக் கெட்ட கணையத்துக்கு ஊர்ப் பணமா?' கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, கட்டுரையாளர் எங்கிருந்து பார்த்து எழுதினார் என்பது பிடிபட்டது. கோவை உக்கடம் மேம்பாலத்தில் காரில் போனாராம். கீழே பேருந்து நிலையத்து ஓரத்தில் ஒருவர் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாராம். "காலை பத்து மணிக்கே போதை" என்று தொடங்கி, நாள்பட்ட கணைய அழற்சிக்கு அறுவை சிகிச்சை செய்ய அரசுக் காப்பீடு தரக் கூடாது என்று முடித்துவிட்டார்.

ஐயா, கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. அது புண்ணானால் வலி மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் மடங்கினால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். நீங்கள் போதை என்று எழுதிய அதே கோலத்தை மருத்துவப் பாடநூல்கள் இந்த நோயின் அடையாளமாகச் சொல்கின்றன. அந்த மனிதருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. காரை நிறுத்தாமல் போன உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

குடி ஒரு காரணம்தான், யாரும் மறுக்கவில்லை. புகையும் காரணம்தான், அதைக் கட்டுரையாளர் ஏனோ தொடவே இல்லை. ஆனால் தென்னிந்தியாவில் இந்த நோய்க்கு வேறொரு முகம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், டாக்டர் கீவர்கீஸ் 1960-களிலேயே நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். குடியையே அறியாத சிறுவர்கள், இளம்பெண்கள். கணையக் குழாய் நிறையக் கல். பின்னால் சர்க்கரை நோய். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று அதற்குப் பெயரே உண்டு. மரவள்ளிக் கிழங்கின் மேல் கொஞ்ச காலம் பழி போட்டார்கள், அது நிலைக்கவில்லை. 2002-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் அதிகம் இருப்பதைக் காட்டினார்கள். செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் அந்த மரபணு. பிரேக் பழுதானால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். பிறவியிலேயே வந்த பழுதுக்கு எந்த பாட்டிலைக் காட்டுவீர்கள்?

கரும்புக்கடைப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதிலிருந்து வயிற்று வலி. நாலு வருடம் அல்சர் மாத்திரை, கேஸ் மாத்திரை. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் கணையக் கல் தெரிந்தது. உடனே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு வேற பழக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். சாராய வாடை வாசற்படி ஏறாத வீடு அது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த அம்மா எந்த ஆஸ்பத்திரிக்கும் மகளைக் கூட்டிப்போகவில்லை. உங்கள் கட்டுரை செய்கிற வேலை இதுதான்: அந்தக் கேள்வியை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுக்கிறது.

சரி, குடித்தே வந்ததென்று வைத்துக்கொள்வோம். 2003-லிருந்து டாஸ்மாக் கடையில் நின்று சில்லறைக்கு ஊற்றிக் கொடுப்பது அரசு. அந்த வருமானம் கஜானாவுக்கு வரும்போது ஊர்ப் பணம். அதே ஆள் ஆபரேஷனுக்கு வந்தால் மட்டும் தீட்டா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அட்டையில் ஒழுக்கச் சான்றிதழ் கேட்கவில்லை. பீடி குடித்து இதயம் அடைத்துக்கொண்டவருக்கு ஸ்டென்ட் வைக்கும்போது நீங்கள் கட்டுரை எழுதியதாக நினைவில்லை.

அடுத்தது, "கணையத்தை வெட்டி எறிகிற வீண் ஆபரேஷன்" என்ற வரி. ஃப்ரே முறை என்று 1987-லிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அதில் கணையத்தை எறிவதில்லை. தலைப்பகுதியில் புண்ணான சதையைக் குடைந்தெடுத்து, குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, சிறுகுடலின் ஒரு துண்டை அதன்மேல் தைக்கிறார்கள். அடைபட்ட நீருக்கு வழி கிடைக்கிறது. 2007-ல் ஆம்ஸ்டர்டாமில் 39 பேரை வைத்து எண்டோஸ்கோப்பியையும் அறுவையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் வலி முழுதாகவோ ஓரளவோ குறைந்தவர்கள் எண்டோஸ்கோப்பியில் நூற்றுக்கு 32, அறுவையில் 75. 2020-ல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வில் 88 பேர். முதலில் எண்டோஸ்கோப்பி வழியில் போனவர்களைவிட முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவு. எல்லோருக்கும் இது பொருந்தாது. குழாய் விரியாதவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். போன சர்க்கரைக் கட்டுப்பாடு திரும்பாது. ஆபரேஷனுக்குப் பிறகும் குடித்தால் கெடும். இதையெல்லாம் எழுதியிருந்தால் அது விமர்சனம். நீங்கள் எழுதியது வசை.

நோயாளிகள் கூடிப் பேசுவதை "ஒப்பாரிக் கூட்டம்" என்கிறீர்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் தெரியுமா? செரிமான நொதி மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் வீண் என்பதை. மலம் எண்ணெயாக மிதந்தால் மாத்திரையின் அளவு போதவில்லை என்பதை. பயத்தில் எண்ணெயையே ஒதுக்கி எலும்பும் தோலுமாக வேண்டியதில்லை என்பதை. கணையத்தால் வரும் சர்க்கரை நோயில் ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கும், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும் என்பதை. அவசர ஓ.பி.யில் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல யாருக்கு நேரம்? பட்டவர் பட்டவருக்குச் சொல்கிறார். இதில் ஒப்பாரி எங்கே வந்தது?

வாசகர்களுக்கு ஒன்று. உக்கடத்தில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தால் கிட்டப் போய், "ஏனுங்க, வலிக்குதுங்களா?" என்று கேளுங்கள். திருச்சி ரோட்டுப் பெரியாஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.