கைநாட்டு வாங்காமல் எடுத்த முகம்

எங்க வங்கியில் எழுதத் தெரியாத கிழவி நூறு ரூபாய் எடுக்க வந்தாலும் கைநாட்டு வாங்குவோம், சாட்சி கேட்போம். பணம் அவளுடையது. சரி, அவள் முகம் யாருடையது?

போன வருஷம் ஒரு கண்காட்சிக்குப் போனேன். சுவரில் எங்க அத்தை. குழாயடியில் குந்தியிருக்கிறாள், மாராப்பு விலகிக் கிடக்கிறது. கீழே 'தாகம்' என்று தலைப்பு. எடுத்தவர் பேர் இருந்தது, விலை இருந்தது. அத்தை பேர் இல்லை. ஊருக்குப் போய்ச் சொன்னேன். "எப்படா எடுத்தான்? சொல்லியிருந்தா சீலையச் சரி பண்ணியிருப்பேனே" என்றாள்.

'பொது இடம், யாரும் எடுக்கலாம்' என்கிறார்கள். அமெரிக்காவில் இது கோர்ட்டுக்கே போனது. பிலிப்-லோர்கா டிகோர்சியா நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளக்கை உயரத்தில் கட்டி, தூரத்தில் நின்று, நடந்துபோனவர்களின் முகங்களைப் பிடித்தார். அதில் ஒரு யூத முதியவர், உருவம் எடுப்பது தன் மதத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். அவர் முகம் ஒரு பிரதி 20,000 டாலருக்கு மேல் விற்றிருந்தது. 'இது கலை' என்று 2006இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கலை என்றால் கேட்க வேண்டாமாம்!

தயாநிதா சிங் வேறு மாதிரி. 1989இல் லண்டன் பத்திரிகைக்காக தில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். லண்டனில் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். அங்கே தொடங்கிய நட்புதான் 2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்ற புத்தகமானது. அதில் மோனாவின் சொந்த எழுத்தும் இருக்கிறது. ஃபிலிமைக் கொடுத்ததால் கலை செத்தா போச்சு?

'கேட்டால் இயல்பு போய்விடும்' என்பது இன்னொரு வாதம். யாருடைய இயல்பு? ஊர்த்தெரு வீட்டு முற்றத்துக்குள் இப்படிக் காமிராவை நீட்டுவார்களா? நம்ம வீடு ஒண்டுக்குடிசை. குளிப்பது, சமைப்பது, அழுவது எல்லாம் தெருவில்தான். அவர்களுக்குப் பொது இடம். நமக்கு அதுதான் வீடு.

காமிராவே கூடாது என்று சொல்லவில்லை. தடியடியைப் போலீசிடம் அனுமதி கேட்டுக்கிட்டா எடுக்க முடியும்? அங்கே கேட்காமல்தான் எடுக்கணும். அடிக்கிறவனைக் கேட்க வேண்டியதில்லை. அடிபட்டவரைக் கேட்டே ஆகணும்.

காமிராவோடு சேரிக்கு வரும் தோழர்களே, முதலில் உட்காருங்கள். பேர் கேளுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். நூறு ரூபாய்க்கே சாட்சி கேட்கிற நாட்டில், ஒரு முகத்துக்கு ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?