மருந்து செய்கிறவரின் மூச்சு

நஞ்சில்லா உணவு பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த நஞ்சைத் தயாரிக்கிற தொழிலாளியைப் பற்றிப் பேசுவதில்லை. போபால் என்றால் 1984 டிசம்பர்தான் ஞாபகம் வரும். செவின் பூச்சிமருந்து செய்த அதே ஆலையில், 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். அடுத்த மாதமே இன்னொரு கசிவு. 24 பேர் ஆஸ்பத்திரியில். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஊரே செத்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான வேலை செய்பவர் தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அப்போதுதான் வந்தது. ஒப்பந்தக் கூலிக்குப் போகிற பையனுக்கு இதை யார் சொல்வது? (வங்கியில், கடன் கேட்கும் ஆலைக்குப் போனால் சரக்கு, மெஷின், இன்சூரன்ஸ் எல்லாம் சரிபார்ப்போம். முகமூடிக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.) சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே? அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்க.