சுவரும் சித்திரமும்

அணி வென்றால் மாலை ஒருவருக்கே. தோற்றால் வசையும் அவர் ஒருவருக்கே. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்னும் ஆட்டக்காரரின் நிலை இதுதான். இத்தகைய தீர்ப்பு நியாயமானதா? அன்று என்பதே நம் கருத்து.

நாம் அறிந்த கால்பந்து வேறு, இது வேறு. இதில் நீள்வட்ட வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; முன்னே நிற்கும் தோழருக்கு எறியலாம். அணிக்குப் பதினொருவர். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐவர் மதில்போல் நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் இரு கார்டுகள். இரு ஓரங்களிலும் இரு டாக்கிள்கள். பாய்ந்து வரும் எதிரணியினரைத் தடுத்து, எறிபவருக்கு இரண்டரை அல்லது மூன்று விநாடி நேரம் வாங்கித் தருவதே இவர்கள் வேலை. வலக்கையால் எறிபவரின் முதுகுப் புறத்தைக் காப்பவர் இடப்பக்க டாக்கிள்.

இந்த ஐவரும் முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிக்கச் சாதாரணமாக விதி இடம் தருவதில்லை. அவர்கள் தடுத்த தடுப்புகளுக்கு அதிகாரபூர்வமான கணக்கும் இல்லை. எதிரியைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் பத்து கெஜம் தண்டனை. அப்போதுதான் அவர்களைப் பற்றிய பேச்சே எழும்! குவார்ட்டர்பேக்குக்கோ எண்களுக்குக் குறைவில்லை. 1973-இல் தேசியக் கால்பந்து லீக் ஏற்றுக்கொண்ட மதிப்பெண் முறை, எறிந்தவற்றில் கைசேர்ந்தவை, கடந்த தூரம், டச்டவுன்கள், எதிரியிடம் சிக்கியவை ஆகிய நான்கையும் கணக்கிடுகிறது. எறியுமுன்பே அவர் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. அவர் எறிந்தபோது மதில் நின்றதா, சரிந்ததா என்றும் அது கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கான்சஸ் சிட்டி அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக். 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், வழக்கமாக ஆடும் இரு டாக்கிள்களும் காயத்தால் களமிறங்கவில்லை. மஹோம்ஸ் எறிய முயன்ற 56 தடவைகளில் 29 தடவை எதிரணியினர் அவரை நெருக்கினர். முடிவு என்ன? அவர் அணி ஒரு டச்டவுன்கூட இன்றி, 31-9 என்று டாம்பா பேயிடம் தோற்றது. அதன்பின் கான்சஸ் சிட்டி தன் முன்வரிசையைத் திருத்தி அமைத்தது. 2023 பிப்ரவரி இறுதியாட்டத்தில் அவ்வரிசையின் ஐவரில் நால்வர் புதியவர்கள். எதிரே நின்ற பிலடெல்பியாவோ, அப்பருவத்தின் முறையான ஆட்டங்களில் குவார்ட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்திய அணி. அன்று மஹோம்ஸ் ஒருமுறைகூட வீழ்த்தப்படவில்லை. கான்சஸ் சிட்டி 38-35 என்று வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் மஹோம்ஸுக்கே கிடைத்தது. 2021-இல் அவர் திறமையற்றவராக இருந்தாரா? இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

டேவிட் கார் என்பவரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2002-இல் கல்லூரி வீரர்களுள் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஹூஸ்டனில் புதிதாகத் தொடங்கிய அணிக்கு ஆட வந்தார். முதல் பருவத்திலேயே 76 முறை வீழ்த்தப்பட்டார். அதுவரை லீக்கில் எவருக்கும் இவ்வளவு நேர்ந்ததில்லை. நல்ல மதிலின் பின் நின்றிருந்தால் அவர் எவ்வளவு உயர்ந்திருப்பாரோ, யாரே அறிவர்!

ஆயினும் பழி முழுவதையும் சுவர்மேல் போடுவதும் தவறு. பந்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு தயங்குபவரை எந்த மதிலும் காக்காது. மயாமி அணியின் டான் மரீனோ 1988-இல் அறுநூறு முறைக்கு மேல் பந்தை எறிந்தார். வீழ்த்தப்பட்டதோ ஆறே முறை. அதில் முன்வரிசைக்குப் பங்கு உண்டு. கண்ணிமைக்குமுன் எறிந்துவிடும் அவர் கைவேகத்திற்கும் பங்கு உண்டு.

ஆகவே ஒரு குவார்ட்டர்பேக்கை எடைபோடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். மதில் நின்றபோது எப்படி எறிந்தார்? சரிந்தபோது நிதானம் இழந்தாரா? எறிய வாய்ப்பிருந்தும் தாமே காலம் கடத்தினாரா? இவற்றுக்கு விடை காணாமல் கூறும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அரைகுறைத் தீர்ப்புகளே.

விளையாட்டு விழாவில் கோப்பையை உயர்த்துபவரைக் கண்டு நாமும் கைதட்டுகிறோம். தட்டுவோம், தவறில்லை. ஆனால் பந்து பறந்து செல்லும்போது எல்லாக் கண்களும் வானத்தை நோக்க, எதிரியைத் தடுத்து மண்ணில் விழுந்து கிடப்பவர் யார் என்றும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்போமாக.