ஏழு படிகள்

பெத்சதா குளக்கரையில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவர் இயேசுவிடம் தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் முறையிடவில்லை. நீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவருடைய முறையீடு. கரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடித் தொலைவுதான் அவரை வாட்டியது.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் வாசலில் இது நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டா. சக்கர நாற்காலியில் ஆய்வு மாணவி ஒருவர் வந்தார். முன்னே ஏழு படிகள். காவலரும் ஊழியர் ஒருவரும் நாற்காலியோடு அவரைத் தூக்கினர். நின்றிருந்தோர் அவ்விருவரையும் பாராட்டினர். அப்பெண்ணோ துப்பட்டாவை இறுகப் பற்றிக்கொண்டு தலை குனிந்திருந்தார். தூக்கியவர்கள் நல்லவர்களே, என் சினம் அவர்கள்மேல் அன்று. உள்ளே சென்றபின் அவருக்கு வேண்டிய நூல்கள் மாடியில் இருப்பது தெரிந்தது. மின்தூக்கி இல்லை.

இரக்கத்தைக் கேட்டா அவர் வந்தார்? 1995ஆம் ஆண்டுச் சட்டமே பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதை அமைக்கச் சொன்னது. பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றொரு வாலையும் ஒட்டிவைத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் திருத்தவேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022இல் முடிந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், இவ்வசதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. நாமோ ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் மாற்றி அழைத்ததோடு மனநிறைவு அடைந்துவிட்டோம்.

பழைய கட்டடம், என்ன செய்வது என்பார்கள். அரண்மனைக்குள் இருக்கும் சரசுவதி மகாலுக்கு அச்சமாதானம் ஓரளவு பொருந்தலாம். நேற்று எழுப்பிய கட்டடங்களுக்கு? இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வாசலை அடைத்து வைத்துவிட்டு, வருவோர் இல்லையென்று கணக்கு எழுதும் சாமர்த்தியம் இது. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்கள். வருவோரை எண்ணிவிட்டா வைத்தார்கள்?

சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டிப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கல்லேற்றினார்கள் என்பது தஞ்சை வழக்கு. ஆராய்ச்சியாளர் ஏற்பினும் மறுப்பினும், அந்தச் சரிவைச் சொல்லிப் பெருமைப்படாத தஞ்சைக்காரர் இல்லை. கல்லுக்கு மைல் கணக்கில் சரிவு அமைத்ததாகப் பெருமை பேசும் ஊரில், மனிதருக்கு வேண்டியது எவ்வளவு? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கட்டட விதி. அரையடி உயரமுள்ள ஏழு படிகளுக்கு 42 அடிச் சரிவும் இடையில் சிறு மேடையும் போதும். கரைமேல் வண்டி ஏறச் சரிவு வெட்டத் தெரிந்த நம் உழவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

பல்கலைக்கழகத்தை மட்டும் நோவதற்கு நமக்கு வாய் இல்லை. நம் பங்கு ஆலயங்களின் முகப்புப் படிகளை எண்ணிப் பாருங்கள். மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் கட்டட நிதி திரட்டும் நம் பங்குப் பேரவைகள், வரைபடத்தில் ஒரு சரிவுப் பாதை உண்டா என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோமே என்கிறோம்.

அந்த மாணவி இப்போது நூலகத்துக்கு வருவதில்லை. வேண்டிய நூல்களின் பட்டியலை எழுதித் தோழியிடம் கொடுத்தனுப்புகிறார். தோழியின் கண்ணில் பட்டதை அவர் படிக்கிறார்.